‘திடீர்’ மரணம் திடீரென்றுதான் வருகிறதா?

செப்டம்பர் 29-ஆம் நாள் அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், ரபேல் ஆகியோரின் திருவிழா. ரபேல் என்னும் பெயருக்கு ‘கடவுள் குணமளிக்கிறார்’ என்பது பொருள். உலக இதய நாள் கடைப்பிடிக்கப்படுவதும் இதே நாளில்தான். கத்தோலிக்கர்களாகிய நமக்கு இந்நாளோடு மூன்றாவது நினைவு ஒன்றும் இணைந்திருக்கிறது. 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் அதிகாலையில், ‘புன்னகைத் திருத்தந்தை’ என்று அழைக்கப்பட்ட முதலாம் யோவான் பவுல் தம் படுக்கையில் இறந்த நிலையில் காணப்பட்டார். அவர் திருத்தந்தையாகப் பணியாற்றியது 33 நாட்களே. அப்போது அவருக்கு வயது 65.

முந்தின நாள் வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் இல்லை என்றால் உலகம் எப்படி நம்பும்? மாரடைப்பு என்று வத்திக்கான் அறிவித்தது. ஆனால் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அவரை முதலில் கண்டவர்கள் அவருக்குப் பணிவிடை செய்துவந்த அருட்சகோதரிகள். அதை வெளியில் சொல்லத் தயங்கி, செயலர் கண்டதாக முதலில் அறிவித்தார்கள். இந்தச் சிறு மறைப்பே பெரும் வதந்திக்கு வழிவிட்டது. விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று 1984-இல் புத்தகமே வந்தது. உலகெங்கும் அது விற்றுத் தீர்ந்தது.

பல ஆண்டுகள் கழித்து, அவருடைய புனிதர்பட்ட நடவடிக்கைக்காகத் திரட்டப்பட்ட ஆவணங்களில் வேறொரு செய்தி வெளிவந்தது. இறப்பதற்கு முந்தின மாலை, செயலரோடு அமர்ந்து செபித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சின் மேல்பகுதியில் வலி வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக நீடித்துப் பின் தானாகவே அடங்கிவிட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரும் அழைக்கப்படவில்லை. வழக்கம்போல இரவு உணவு முடித்து உறங்கச் சென்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1975-இல், அவருடைய கண்ணின் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு அவர் சிகிச்சை பெற்றதும் பதிவாகியுள்ளது.

மருத்துவரை அழைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. உலகம் விஷத்தைத் தேடிக்கொண்டிருந்தது. உண்மையோ ஐந்து நிமிட நெஞ்சுவலியில் இருந்தது. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் அருளாளராக உயர்த்தப்பட்ட இத்திருத்தந்தையின் இறப்பு, இன்று நம் ஊர்களில் அடிக்கடி கேள்விப்படும் ‘திடீர்’ மரணங்களைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுகிறது.

இரண்டு வெவ்வேறு ஆபத்துகள்

செய்திகளில் எல்லாமே ‘மாரடைப்பு’ என்றுதான் வருகிறது. ஆனால் மருத்துவர்கள் இரண்டைப் பிரித்துச் சொல்கிறார்கள்.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வதைப் போன்றது. அந்த மனிதருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், பேசுவார், வலிக்கிறது என்பார். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சிறிது நேரம் இருக்கும்.

இதய நிறுத்தம் அப்படியல்ல. ஆங்கிலத்தில் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று சொல்லப்படுவது இதுதான். இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் இரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் வெறுமனே நடுங்கி நின்றுவிடுகிறது. சில நொடிகளில் மனிதர் நினைவிழந்து சாய்கிறார். மூச்சு நிற்கிறது, அல்லது விட்டுவிட்டுத் திணறி இழுக்கிறது. சில நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது.

இவ்விரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வயதுவந்தவர்களுக்கு இதயம் திடீரென நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதய இரத்தக்குழாய் நோயே. மாரடைப்பை நேரத்தோடு கவனித்தால் இதய நிறுத்தத்தைப் பல வேளைகளில் தவிர்க்கலாம். இளவயதினரிடம் இதயத் தசை தடித்துப்போதல், பிறவியிலேயே வரும் மின்னோட்டக் கோளாறுகள் போன்றவையும் காரணமாகின்றன.

உடல் முன்கூட்டியே பேசுகிறது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 35 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு நேர்ந்த இதய நிறுத்தங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விவரம் கிடைத்த 839 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, இதயம் நின்றுபோவதற்கு முந்தின நான்கு வாரங்களுக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு போன்ற ஏதோ ஓர் அறிகுறி இருந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசி 24 மணி நேரத்தில் மீண்டும் வந்திருக்கிறது. அறிகுறி வந்தும் அவசர உதவியை அழைத்தவர்கள் நூற்றுக்கு 19 பேர் மட்டுமே. அழைத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர் பிழைத்தார்கள். அழைக்காதவர்களில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். “நேற்றே நெஞ்சு ஒருமாதிரி இருக்குன்னு சொன்னார்” என்று சாவு வீட்டில் அழுகைக்கிடையே கேட்காத ஊர் நம்மிடம் உண்டா?

எவற்றையெல்லாம் நாம் அறிகுறி என்று கொள்ள வேண்டும்?

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இறுக்கம் அல்லது எரிச்சல் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது, அல்லது போய்ப்போய் வருவது. அந்த வலி தோள், இடது கை, முதுகு, கழுத்து, தாடை ஆகியவற்றுக்குப் பரவுவது. காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை கொட்டுவது. முன்பு எளிதாக ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்குவது. நடக்கும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுவலி. விளையாடும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுவது. இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்வது.

பெண்களுக்கும் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல், அளவுக்கு மீறிய அசதி, குமட்டல், மேல்வயிற்றில் வலி என்று மட்டுமே அது வெளிப்படலாம். நம் வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வாயு’. இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், சோடா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து இரவைக் கடத்துகிறோம். வாயுவாகவே இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. வாயு இல்லையென்றால் விடியும்வரை காத்திருந்தது பெரும் நட்டம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வை இதய மருத்துவர்கள் அனைவரும் அறிவர். இதற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர். பெங்களூரில் நம் ஆயர் பேரவையின் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை, ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்று அந்த ஆய்வு கண்டது. புகைபிடித்தல், இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம் ஆகியவை ஒருபுறம். காய்கனி உண்ணாமை, உடற்பயிற்சியின்மை, மதுப் பழக்கம் சார்ந்தவை மறுபுறம். தெற்காசியர்களாகிய நமக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதையும் அதே ஆய்வுக் குழுவினர் காட்டினர்.

இவற்றோடு குடும்ப வரலாற்றையும் சேர்க்க வேண்டும். தந்தையோ உடன்பிறந்தவரோ இளவயதில் திடீரென இறந்திருந்தால், மற்றவர்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து மிகுதி.

ஆபத்துக்குரிய இந்த நோய்களில் வெட்கப்பட ஏதுமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-ஆம் நாள் 88-ஆவது வயதில் பக்கவாதத்தாலும் அதைத் தொடர்ந்த இதயச் செயலிழப்பாலும் இறந்தபோது, வத்திக்கான் வெளியிட்ட மருத்துவச் சான்றிதழில் அவருக்கு உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இருந்தன என்பது வெளிப்படையாகவே குறிக்கப்பட்டிருந்தது. 1978-இல் மறைத்ததால் வந்த தீமையை அறிந்த திருச்சபை, 2025-இல் உள்ளதை உள்ளபடி சொன்னது. நம் குடும்பங்களிலோ, மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் அப்பாவின் இதய நோயை மறைக்கிறோம். பிள்ளைகளுக்கே தெரியாமல் மாத்திரை சாப்பிடும் தாய்மார்களும் உண்டு. அவசரத்தில் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு, மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தெரிவதில்லை.

வதந்தி மறைக்கும் உண்மை

2021 ஏப்ரல் 15-ஆம் நாள் நடிகர் விவேக், மக்களுக்கு ஊக்கமூட்டும் பொருட்டுச் சென்னை அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். வயது 59. ஊசியே காரணம் என்ற பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. அவர் இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் வல்லுநர் குழு பின்னர் தெளிவுபடுத்தியது. அதற்குள் வதந்தி ஊர் ஊராகச் சென்று சேர்ந்துவிட்டது.

2025 கோடையில் இதே கதை கர்நாடகத்தில் நடந்தது. ஹாசன் மாவட்டத்தில் சுமார் 40 நாட்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்திகள் வந்தன. இளைஞர்களும் அவர்களில் இருந்தனர். அச்சமுற்ற மக்கள் இதய மருத்துவமனைகளில் வரிசையில் நின்றனர். மீண்டும் தடுப்பூசிமீது ஐயம் எழுந்தது. மாநில அரசு அமைத்த வல்லுநர் குழு ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தது. இறப்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகவில்லை என்றும், இறந்தவர்கள் பலரிடம் நாம் ஏற்கெனவே அறிந்த சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, மது போன்ற ஆபத்துக் காரணிகளே இருந்தன என்றும் சொன்னது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே முக்கியமானது. 18 முதல் 45 வயதுக்குள், நல்ல உடல்நலத்தோடு இருந்ததாகக் கருதப்பட்டுத் திடீரென இறந்தவர்களை 19 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. ஆபத்தோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை வேறு: குடும்பத்தில் முன்பு நேர்ந்த திடீர் மரணம், கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தின 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி, போதைப்பொருள், வழக்கத்துக்கு மீறிய கடுமையான உடற்பயிற்சி ஆகியவை.

வதந்தி ஏன் நமக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது? குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று அது சொல்வதால்தான். விஷமோ ஊசியோ காரணமென்றால் நாம் மாற வேண்டியது ஒன்றுமில்லை. பீடியும் சாராயமும் போடாமல் விட்ட மாத்திரையும் காரணமென்றால், மனமாற்றம் நம்மிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தவக்காலம் தோறும் நாம் கேட்கும் அழைப்பு அதுதானே?

முதல் பத்து நிமிடம் யாருடையது?

2021 ஜூன் 12-ஆம் நாள், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. 29 வயதான கிறிஸ்டியன் எரிக்சன், பந்தை நோக்கி வந்த நிலையிலேயே சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. சக வீரர்கள் ஓடிவந்தார்கள். மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். மின் அதிர்வுக் கருவியால் இதயத்தை மீண்டும் இயக்கினார்கள். தோழர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்று, உலகத்தின் பார்வையிலிருந்து அவரை மறைத்துக்கொண்டார்கள். அவர் பிழைத்தார். இதயத்தில் கருவி பொருத்தப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் விளையாட வந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார்.

விளையாட்டு அரங்கில் மருத்துவர்கள் இருப்பார்கள். நம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கலாம். டென்மார்க்கே அதற்கும் பதில் தருகிறது. 2005 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி கட்டாயப் பாடமாயிற்று. 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புவோரும் அதைக் கற்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களுக்கு அருகிலிருந்த சாதாரண மக்களே முதலுதவி செய்தது 2001-இல் நூற்றுக்கு 21 ஆக இருந்து, 2010-இல் 45 ஆக உயர்ந்தது. ஒரு மாதம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 3.5 பேர் என்பதிலிருந்து 10.8 பேராகக் கூடினார்கள். மூன்று மடங்கு உயிர்கள்!

இதயம் நின்றபின் உதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. நம் சிற்றூர்களுக்கு 108 ஊர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் பாதி போய்விடும். ஆகவே முதல் பத்து நிமிடம் மருத்துவருக்குரியது அன்று, அருகில் நிற்பவருக்குரியது. ‘எனக்கு அடுத்திருப்பவர் யார்?’ என்ற கேள்விக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியர் உவமை இதைவிடத் தெளிவாக வேறெங்கே பொருந்தும்? குருவும் லேவியரும் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் விலகிப் போனார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் திடீரென விழுந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை. தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது திணறி இழுக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டதாகக் கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் அவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், ஐந்து சென்டிமீட்டர் அளவு அழுந்தும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலெழ விட வேண்டும். களைத்தால் ஆள் மாறலாம், நிறுத்தக் கூடாது. பயிற்சி இல்லாதவர்கள் வாயில் மூச்சு ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். மின் அதிர்வுக் கருவி அருகில் இருந்தால் அதை இயக்கினாலே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லும்.

இதயம் நிற்கும் கணத்தில் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும், தண்ணீர் தெளிப்பதும், வாயில் சோடா ஊற்றுவதும் நம் வழக்கம். அந்த நிமிடங்கள் திரும்பி வருவதில்லை.

நம் பங்குகளில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, தவறான பக்தியைத் திருத்திக்கொள்ளலாம். நற்கருணை வாங்கும் முன் ஒரு மணி நேரம் நோன்பு இருக்க வேண்டும் என்பதற்காக, அதிகாலைத் திருப்பலிக்கு வரும் முதியோர் பலர் காலை மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை என்றும், முதியோரையும் நோயாளிகளையும் அந்த நோன்பு கட்டுப்படுத்துவதில்லை என்றும் திருச்சபைச் சட்டம் 919 தெளிவாகச் சொல்கிறது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கடைப்பிடிக்கும் நோன்பும் 60-ஆவது வயது தொடங்கும்வரைதான் கட்டாயம் என்கிறது சட்டம் 1252. மாத்திரையை விடுவது ஒறுத்தல் ஆகாது. வேளாங்கண்ணிக்கும் பிற திருத்தலங்களுக்கும் பாதயாத்திரை போவோர், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள், புறப்படும் முன் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளட்டும். வழியில் நெஞ்சு அடைத்தால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டார், வண்டியில் ஏறிவிடலாம்.

இரண்டாவதாக, அன்பியக் கூட்டங்களில் ஆண்டுக்கு இருமுறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். நம் மறைமாவட்டங்களில் செவிலியர் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகள் இல்லாத பகுதி குறைவு. இளையோர் இயக்கத்தினருக்கும் பீடப்பணியாளர்களுக்கும் கோவில்பிள்ளைக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கலாம். தேர்பவனிக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் கூடும் பங்குகளில் மின் அதிர்வுக் கருவி ஒன்று வாங்கி வைப்பது, வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தினாலே நடக்கக்கூடியது.

மூன்றாவதாக, அரசு செய்துள்ள ஏற்பாடுகளை மக்களுக்குத் தெரியப்படுத்தலாம். தமிழக அரசு 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, நெஞ்சுவலியோடு ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வருவோருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்னரே கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகளை அங்கேயே வைத்தது. பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிறதே என்று வீட்டிலேயே தயங்கி நிற்பவருக்கு இந்தச் செய்தி உயிர்காக்கும் செய்தி.

நான்காவதாக, நம் அருள்பணியாளர்களை நினைத்துப் பார்ப்போம். பங்கு இல்லத்தில் தனியே வாழ்கிறார்கள். நேரத்துக்கு உணவில்லை, உறக்கமில்லை. இரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? திருத்தந்தையின் இல்லத்திலேயே மருத்துவர் அழைக்கப்படவில்லை என்றால், சிற்றூர்ப் பங்குத்தந்தையின் நிலை என்ன? “சாமி, பி.பி. பார்த்தீங்களா?” என்று பங்கு மக்கள் கேட்பதும் மேய்ப்பருக்குச் செய்யும் பணிதான்.

கடவுளின் சித்தமும் நம் கடமையும்

திடீர் மரணம் நேர்ந்த வீட்டில், ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று சொல்லி ஆறுதல் பெறுகிறோம். அது விசுவாசத்தின் சொல்; மதிப்புக்குரியது. உயிர் தந்தவர் கையில்தான் நம் காலம் இருக்கிறது. அறிகுறி எதுவுமே இல்லாமல் இறப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் காப்பாற்ற முடியாமல் போவதும் உண்டு. அத்தகைய குடும்பத்தினரை ‘முன்னமே பார்த்திருக்கலாமே’ என்று குத்திப் பேசுவது பாவம். அவர்களுக்குத் தேவை தேற்றும் கரம்.

ஆனால் இறந்தவருக்காகச் சொல்ல வேண்டிய சொல்லை, உயிரோடிருப்பவருக்காக நாம் சொல்லக் கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்பது விசுவாசம் அன்று. உயிரும் உடல்நலமும் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள் என்றும், அவற்றை நியாயமான அக்கறையோடு பேணுவது கடமை என்றும் திருச்சபையின் மறைக்கல்வி ஐந்தாம் கட்டளையின்கீழ் போதிக்கிறது. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் நோயுற்றவர் செய்ய வேண்டியதை வரிசையாகவே சொல்கிறது: ஆண்டவரிடம் மன்றாடு, பாவத்தை அகற்று, காணிக்கை செலுத்து, பின்பு மருத்துவருக்கும் இடங்கொடு, ஏனெனில் அவரையும் ஆண்டவரே படைத்தார் என்பதே அதன் சாரம்.

மருத்துவரைப் போலவே குருவையும் நாம் தாமதித்துத்தான் அழைக்கிறோம். நோயில்பூசுதலை ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே இன்னும் பலர் எண்ணுவதால், கடைசி மூச்சுவரை காத்திருக்கிறார்கள். இது இறுதி வேளையில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே தெளிவாக்கியது. இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அதைப் பெறலாம். உடலுக்கும் ஆன்மாவுக்கும் உதவி நேரத்தோடு வருவதே நல்லது.

புனிதர்களின் மன்றாட்டு மாலையில், எதிர்பாராத திடீர் மரணத்திலிருந்து எங்களை மீட்டருளும் என்ற பொருளில் நம் முன்னோர் மன்றாடினார்கள். ஆயத்தமின்றிச் சாவதற்குத்தான் அவர்கள் அஞ்சினார்கள். அந்த ஆயத்தம் ஆன்மாவுக்கு ஒப்புரவு அருள்சாதனம் என்றால், உடலுக்குப் பரிசோதனையும் மருந்தும் அறிகுறியைக் கவனிக்கும் விழிப்பும்.

கத்தோலிக்க வீடுகளின் முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளியில் அதற்கு முன் கூடிச் செபிக்கிறோம். வருகிற முதல் வெள்ளியன்று, செபம் முடிந்ததும் வீட்டிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம்: அப்பா, மாத்திரை போட்டீங்களா? அம்மா, படி ஏறும்போது மூச்சு வாங்குதா? தம்பி, விளையாடும்போது மயக்கம் வந்ததென்று சொன்னாயே, மருத்துவரிடம் போனாயா? பதில் எதுவானாலும் அதைத் தட்டிக்கழிக்காமல், அடுத்த நாளே மருத்துவரிடம் போய்வரலாம். கேட்கும்போதே ஒருவருக்கு நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்றால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே, அப்போதே புறப்படுங்கள்.